தூக்கத்தை விற்று வாங்கிய தெம்பு

நாங்கள் பிளஸ் டூ படித்த காலத்தில் தூக்கத்தை விரட்டும் விஞ்ஞானம் அவ்வளவாக வளர்ந்திருக்கவில்லை. இருந்ததெல்லாம் குடிசைத் தொழில் ரகம். வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு படிப்பது ஒரு முறை. கண்ணுக்குக் கீழே அமிர்தாஞ்சன் தடவிக்கொண்டு, அழுதபடியே படிப்பது இன்னொரு முறை. குடுமியை ஆணியில் கட்டிவைத்துப் படித்துக் கலெக்டர் ஆனவரின் கதையை எல்லா வாத்தியார்களும் சொன்னார்கள். அந்தக் கலெக்டர் எந்த மாவட்டத்தில் வேலை பார்த்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. எங்களுக்குக் குடுமியும் கிடையாது.

1986-ல் பாளையங்கோட்டையில் பரீட்சைக்கு முந்தைய மாதம் முழுக்கச் சிநேகிதன் வீட்டு மொட்டை மாடியில் குரூப் ஸ்டடி. அவன் அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தனுப்புவார். “தூங்காமப் படிங்கய்யா” என்று ஆசீர்வாதமும் கூடவே வரும். சுக்கு, மல்லி, கருப்பட்டி, தட்டிப்போட்ட ஏலக்காய் ஒன்று. இவ்வளவுதான் அதன் சேர்மானம். காபித் தூள் மருந்துக்கும் கிடையாது. ஆக, விடிய விடிய விழித்திருக்க வேண்டிய படைக்குக் காஃபீன் ஒரு மில்லிகிராம்கூட வழங்கப்படவில்லை. தொண்டைக்கு இதமாக இறங்கும்; வயிறு கதகதப்பாகும்; மாடியில் தாமிரபரணிக் காற்று வேறு. பத்தரை மணிக்கு இயற்பியல் புத்தகம் ஒருவன் முகத்தின் மேல் கவிழ்ந்து கிடக்கும். பதினொன்றுக்குக் குறட்டை மட்டும்தான் குரூப்பாக நடக்கும். காலையில் வெயில் சுள்ளென்று அடித்து எழுப்பும்போது, “நீ எத்தனை மணிக்குலே தூங்குன?” என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொள்வோம்.

உடம்பு அன்றைக்கு அப்படி ஒரு சர்வாதிகாரி. போதும் என்றால் போதும்தான், மேல்முறையீடு கிடையாது. மனப்பாடம் பண்ண வேண்டியது இன்னும் எத்தனை பக்கம், பரீட்சைக்கு எத்தனை நாள் என்பதையெல்லாம் அது காதில் போட்டுக்கொள்ளாது. ஆளைச் சாய்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

அதற்காக நாங்கள் டப்பாவிலும் பாட்டிலிலும் தெம்பு இருப்பதாக நம்பாத ஞானிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம்பினோம், பரம்பரையாக நம்பினோம். டிவியில் கபில்தேவ் ஓடிவந்து பந்து போட்டுவிட்டு, தன் சக்திக்கெல்லாம் காரணம் பூஸ்ட்தான் என்று ரகசியத்தைப் போட்டு உடைத்தார். அவருக்குப் பிறகு சச்சின் வந்து அதே ரகசியத்தைச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. ஒரு ஸ்பூன், அதுவும் கத்தியால் தலை தட்டிய ஸ்பூன், பரீட்சை காலத்துக்கு மட்டும். தம்பி டப்பாவுக்குள் நாக்கை விட்டு நக்கினான் என்பதற்காக வாங்கிய அடிக்கு, அவன் கபில்தேவைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டில், அரை டஜன் சாத்துக்குடி. விளையாட்டு விழா அன்று பி.டி. மாஸ்டர் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து, வரிசையில் நிற்கும் உள்ளங்கைகளில் பிரசாதம் மாதிரி கொட்டிக்கொண்டே போவார். நக்கி முடித்த கை பிசுபிசுவென்று ஒட்டும். நானூறு மீட்டரில் கடைசியாக வந்தவனும் அதே குளுக்கோஸைத்தான் சாப்பிட்டான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை பிரேயரில் வெயிலில் நின்று, காலையில் சாப்பிடாமல் வந்த பையன் தொப்பென்று விழுந்தால் உடனடிச் சிகிச்சை ஒன்றே ஒன்று: கோலி சோடா. பியூன் ஓடிப்போய் வாங்கிவருவார். கட்டைவிரலால் ஒரு அழுத்து, கோலி உள்ளே விழும், நுரை பொங்கும், பையன் இரண்டு மடக்குக் குடிப்பான், ஒரு ஏப்பம் விடுவான், எழுந்து வகுப்புக்குப் போய்விடுவான். உள்ளூர்ச் சோடா மேல் இந்த ஊர்ப்பக்கம் அப்படி ஒரு பக்தி. 1916-லேயே விருதுநகரில் காளிமார்க் தொடங்கிய தேசமாயிற்றே!

இந்த நம்பிக்கைகளுக்கெல்லாம் 2024 ஏப்ரலில் ஒரு அடி விழுந்தது. பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’, ‘எனர்ஜி டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று, ஆன்லைன் கடைகளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. ஹெல்த் டிரிங்க் என்று ஒன்று நம் சட்டத்திலேயே இல்லையாம். அந்த மாதமே ஹார்லிக்ஸ் கம்பெனியும் தன் சரக்கின் பிரிவுப் பெயரை மாற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே அத்தனை பாட்டில்களை அடுக்கிவைத்த நம் சனங்களுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் வேடிக்கை அதுவல்ல. எனர்ஜி டிரிங்க் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, சர்க்கரைத் தண்ணீரில் வாசனையும் காஃபீனும் சேர்த்த சரக்குக்குப் பத்திரமாக இருக்கிறது. பூஸ்டுக்கு இல்லாத எனர்ஜி அதற்கு உண்டு, சட்டப்படி உண்டு.

தங்கை மகன் எங்கள் வீட்டில் தங்கித்தான் பிளஸ் டூ படிக்கிறான். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நீட் கோச்சிங்கும் நடக்கிறது. அவன் மேஜையைத் துடைக்கப் போன என் மனைவி, மூன்று நான்கு காலி பாட்டில்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றும் 250 மில்லி. அடியில் ஒரு விரற்கடை அளவு சிவப்புத் தண்ணீர் மிச்சம். முகர்ந்து பார்த்தேன். ஐஸ்கிரீம்காரன் வண்டியில் விற்ற சேமியா ஐஸின் வாசனை. லேபிளில் மின்னல், சீறும் எழுத்து, கோபமான வண்ணங்கள். எச்சரிக்கை எங்கே என்று பாட்டிலைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். மூக்குக் கண்ணாடி போதவில்லை. செல்போனில் படம் எடுத்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். பார்கோடுக்குப் பக்கத்தில், சேர்மானப் பட்டியலுக்கு அடியில், ஆங்கிலத்தில் பொடிப்பொடியாக இருந்தது: குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் உகந்ததல்ல; ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம். அச்சிட வேண்டும் என்பது சட்டம். அச்சிட்டிருக்கிறார்கள். படிக்க முடிய வேண்டும் என்பது வேறு விஷயம்.

“ஏலே மாப்ளே, இதைப் படிச்சியா?”

“படிச்சேன் மாமா. நான் குழந்தையா?”

பதினேழு வயது. மீசை அரும்பிவிட்டது. அவனைக் குழந்தை என்று எந்த முகத்தோடு சொல்வது? போன வாரம்தான், “பெரிய பையனாயிட்டே, பொறுப்பு வேண்டாமா?” என்று அவன் அத்தை திட்டியிருக்கிறாள். காஃபீன் விஷயத்தில் மட்டும் அவன் சின்னப் பையன் என்றால் ஒத்துக்கொள்வானா?

அடுத்த அம்பையும் அவனே விட்டான். “அத்தை போடுற டிகிரி காபியில இதைவிட ஜாஸ்தி காஃபீன் இருக்கும், மாமா. அதை மட்டும் குடிக்கலாமா?”

பயல் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி இந்த ரகப் பானங்களில் லிட்டருக்கு 145-லிருந்து 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். அதாவது 250 மில்லி பாட்டிலில் கூடிப்போனால் 75. ஸ்ட்ராங்கான டிகாக்‌ஷனில் போட்ட ஒரு டம்ளர் காபியும் அந்தப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். ஆனால் காபி சுடும், கசக்கும், ஆற்றி, ஊதி, பேப்பரைப் புரட்டிக்கொண்டே குடித்தாக வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு அரை டம்ளர்தான் கிடைக்கும், அதிலும் பால்தான் மிகுதி. இந்தச் சரக்கில் அந்தத் தடை எதுவும் இல்லை. சில்லென்று இருக்கிறது, மிட்டாய் மாதிரி இனிக்கிறது, ஒரே மூச்சில் உள்ளே போகிறது. இரண்டாவது பாட்டிலுக்கும் கை தானாக நீள்கிறது.

அவன் எடை ஐம்பது கிலோ. வளரிளம் பருவத்தினர் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை ஒரு நாளைக்குக் காஃபீன் சேர்த்துக்கொண்டால் பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் ஒரு கணக்குச் சொன்னது. ஐம்பது கிலோவுக்கு 150. இரண்டு பாட்டிலோடு ரேஷன் தீர்ந்தது. காலையில் அத்தை காபி, இடைவேளையில் கேன்டீன் டீ, சனிக்கிழமை பிரியாணிக்குப் பின்னால் ஒரு கோலா எல்லாம் கடன் கணக்கில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இந்தக் கணக்கு வழக்கே வேண்டாம் என்று 2011-லேயே முடித்துவிட்டது: பிள்ளைகளின், பதின்ம வயதினரின் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

உண்மையில் இந்தப் பானம் யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும். ஜப்பானில் 1962-ல் தைஷோ என்ற மருந்துக் கம்பெனி ‘லிபோவிடான் டி’ என்று ஒரு குட்டிப் பாட்டில் டானிக்கை இறக்கியது. களைத்துப்போன உழைப்பாளிகள் மடக்கென்று குடித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனார்கள். அதைப் பார்த்து தாய்லாந்தில் சலியோ யூவித்யா என்ற மருந்து வியாபாரி, எழுபதுகளில் சிவப்புக் காட்டெருது படம் போட்ட ‘கிராத்திங் தேங்’ பாட்டிலை லாரி டிரைவர்களுக்கும் கூலித் தொழிலாளிகளுக்கும் விற்றார். ராத்திரி முழுக்க வண்டி ஓட்ட வேண்டியவர்கள் அவர்கள். அந்த வழியாகப் போன டீட்ரிஷ் மாட்டெஷிட்ஸ் என்ற ஆஸ்திரியர் அதைக் குடித்துப் பார்த்துச் சொக்கிப்போனார். சலியோவோடு கூட்டுச் சேர்ந்து, குமிழியும் விளம்பரமும் ஏற்றி, 1987-ல் ஆஸ்திரியாவில் ‘ரெட்புல்’ என்று விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அவர் என்ன விற்றுக்கொண்டிருந்தார் தெரியுமா? பற்பசை. புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்து பல்லின் எனாமலை அரிக்கும் பானத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர், அதற்கு முன் பல் துலக்குவதற்கு வழி செய்துகொண்டிருந்தார்.

மருமகனின் வகுப்பில் இன்னொரு நம்பிக்கை உலவுகிறது. டாரின் என்று லேபிளில் இருப்பது காளைமாட்டின் ‘அந்த’ இடத்திலிருந்து எடுக்கப்படுவதாம். அதனால்தான் இவ்வளவு வீரியமாம். டாரினை 1827-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் முதலில் பிரித்தெடுத்தது எருதின் பித்தநீரிலிருந்து. இன்று அதைக் கெமிக்கல் ஆலையில்தான் செய்கிறார்கள். இதைச் சொன்னதும் பயல் முகம் வாடிவிட்டது. இது இதயத்துக்கு ஆகாது என்று எச்சரித்தபோதுகூட இவ்வளவு வருத்தப்படவில்லை.

ரெட்புல் நம் ஊருக்கு வந்த புதிதில் அது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம். விலை அப்படி. ஏ.சி. கடையில் மட்டும் கிடைக்கும். டின்னைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வதற்கே பாதிப் பேர் வாங்கினார்கள். பிறகு 2017 வந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அண்ணாச்சி கடைகளில் அட்டை தொங்கியது. நாங்கள் எல்லாரும் நெஞ்சு நிமிர்த்திப் பன்னீர் சோடா குடித்தோம். அதே 2017-ல்தான் பெப்சிகோ தன் ‘ஸ்டிங்’ எனர்ஜி டிரிங்கை இந்தியாவில் முதன்முதலாக இறக்கியது. நாம் காளையைக் காப்பாற்றிய களைப்பில் இருந்தோம், கவனிக்கவில்லை. பிற்பாடு அது சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் இருபது ரூபாய்க்கு வந்தது. போட்டிக்கு மற்ற கம்பெனிகளும் வந்தன. டீயும் வடையும் சாப்பிடும் காசுக்கு எனர்ஜி கிடைத்தது. அட்டை தொங்கிய அதே கடைகளில் இப்போது கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜ் நிற்கிறது.

இந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்பதுதான் பதில். நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போய் உட்காரும் இடங்கள் நிறைய நிறையத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. காஃபீன் அந்த இடங்களில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். களைப்பு எங்கேயும் போவதில்லை. செய்தி மட்டும் போய்ச் சேராது. காலையில் தண்டல்காரரிடம் பணம் வாங்கிய மாதிரிதான். கையில் நோட்டு இருக்கும்வரை நாம் பணக்காரர். சாயங்காலம் அவர் வந்து நிற்பார், வட்டியோடு. மறுநாள் வகுப்பில் தலை தொங்கும், எரிச்சல் வரும், தலை வலிக்கும். மருந்து? இன்னொரு பாட்டில்.

குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பாட்டில் குடித்தவனுக்கு, அதிகாலை மூன்று மணிக்கும் பாதிப் பாட்டில் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். படித்து முடித்து ஒரு மணிக்கு விளக்கை அணைத்தால் உடம்பு படுத்திருக்கும், கண் மூடியிருக்கும், தூக்கம் மட்டும் வராது. அப்போது என்ன செய்வான்? செல்போனைத்தான் எடுப்பான்.

இவ்வளவையும் நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டது பிற்பாடுதான். முதலில் தெரியவந்தது ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில். மாதிரித் தேர்வுக்கு முந்தின ராத்திரி மருமகனின் சிநேகிதன் போன் பண்ணியிருக்கிறான்: “நெஞ்சு தொம்தொம்னு அடிக்குதுடா, பயமா இருக்கு.” அவன் அப்பா வெளியூரில். நான்தான் காரை எடுத்துக்கொண்டு போனேன். பையன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். கை நடுங்கியது, செருப்பின் வாரை மாட்ட முடியவில்லை. குனிந்து நான் மாட்டிவிட்டேன். காரில் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தபோது, நாடி என் விரலுக்கு அடியில் ஓடிப்போகப் பார்த்தது. அவன் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, யார் கண் பட்டதோ என்று பக்கத்து வீட்டுக்காரிகளை வரிசையாக நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் ஒட்டிய ரப்பர் குமிழ்களை அவன் பூச்சி ஊர்வதுபோலப் பார்த்தான். நிமிஷத்துக்கு 130. டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். காகிதத்தைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். “என்ன குடிச்சே?” பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா, “ஐயோ, எம் பிள்ளைக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லைங்க டாக்டர்” என்று பதறினார். டாக்டரம்மா அதைக் காதில் வாங்காமல், “எத்தனை?” என்றார். “ரெண்டு. அப்புறம் இன்னொண்ணு வேற கம்பெனி.” சாப்பிட்டது? ஒன்றும் இல்லை. தூங்கியது? முந்தின நாள் மூன்று மணி நேரம்.

விடியும்வரை மானிட்டர் மாட்டிப் படுக்கவைத்தார்கள். துடிப்பு மெல்ல இறங்கியது. வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே இதய நோயோ, திடீர் மரணமோ உண்டா என்று டாக்டரம்மா விசாரித்தார். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் படபடப்பு, வயிற்றுப் புரட்டல், பதற்றம், தூக்கமின்மை என்று போய்விடும். வெளியே தெரியாத இதயத் துடிப்புக் கோளாறு ஏற்கெனவே இருக்கும் பிள்ளைக்குத்தான் பெரிய ஆபத்து. அது இருப்பது அநேகமாக யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை என்றார். ஆரோக்கியமான 34 பேருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எனர்ஜி டிரிங்க் கொடுத்து அமெரிக்காவில் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் ரத்த அழுத்தம் கூடியது, ஈ.சி.ஜி.யில் ‘க்யூ.டி.’ என்ற இடைவெளி நீண்டது. அது மிஞ்சி நீண்டால் இதயம் தாளம் தப்பும். காஃபீன் மட்டும்தான் காரணமா, மற்றச் சேர்மானங்களின் கூட்டா என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் படித்த காலத்தில் மயங்கி விழுந்தவனுக்குப் பாட்டில் சிகிச்சையாக இருந்தது. இப்போது சிகிச்சைக்கு வருவதற்கே பாட்டில் காரணமாக இருக்கிறது. பையனின் அம்மா வீட்டுக்குப் போனதும் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். அது ஒன்றும் கெடுதல் இல்லை. அதில் காஃபீன் கிடையாது.

மற்ற தேசங்களில் கொஞ்சம் சுதாரித்துக்கொண்டார்கள். லிதுவேனியா 2014-ல், லாத்வியா 2016-ல், போலந்து 2024 ஜனவரியில், 18 வயதுக்குக் கீழே எனர்ஜி டிரிங்க் விற்கக் கூடாது என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நார்வேயில் 2026 முதல் 16 வயது வேண்டும். பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் 2018 முதல் 16 வயதுக்குக் கீழே விற்பதில்லை. நம்மிடமும் ஒரு விதி இருக்கிறது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ளும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்பது 2020-ல் வந்த ஒழுங்குமுறை. மருமகன் பள்ளியின் வாசலில் நின்று பார்த்தேன். முதல் கடை ஜெராக்ஸ். இரண்டாவது, ஸ்டேஷனரி. ஐம்பது மீட்டர் முடிந்து, ஐம்பத்தோராவது மீட்டரில் சட்டத்தை மதித்துக்கொண்டு நிற்கிறது அண்ணாச்சி கடை.

“ஸ்கூல் பிள்ளைகளுக்கு இதை விக்கீங்களே அண்ணாச்சி?”

“பிள்ளைக கேக்குது, குடுக்கேன். சிகரெட்டுன்னா வயசு கேப்பேன் சார், சத்தியமா. இது சர்பத்து மாதிரிதானே?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “எம் பேத்திக்குக் குடுக்க மாட்டேன். அவளுக்கு எலுமிச்சம்பழம்தான்” என்றார். பேச்சோடு பேச்சாக, யூனிஃபார்ம் போட்ட ஒரு பையனுக்கு மூடியைத் திருகிக் கொடுத்துச் சில்லறையும் எண்ணிக் கொடுத்தார். காலை மணி ஏழே கால்.

ஏழே காலுக்கு ஒரு பிள்ளை எனர்ஜியை விலைக்கு வாங்குகிறான் என்றால், அவனுடைய சொந்த எனர்ஜி எங்கே போனது? பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும். சீக்கிரம் படு என்றாலும் தூக்கம் வராது. சீக்கிரம் எழு என்றால் எழ முடியாது. அது சோம்பேறித்தனம் இல்லை, வளர்த்தி. 13-லிருந்து 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். கலிபோர்னியாவில் இதற்காகவே சட்டம் போட்டு, 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். நம் பிள்ளைகள் எட்டரைக்குள் ஒரு டெஸ்ட் எழுதி, மார்க் வாங்கி, திட்டும் வாங்கியிருப்பார்கள்.

எங்கள் காலத்துத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது: ராத்திரி. கரண்ட் போகும், சுக்குக் காபி வரும், புத்தகம் முகத்தில் விழும். எங்களை யாராலும் அதற்கு மேல் படிக்கவைக்க முடியவில்லை. இப்போது அந்த ஓட்டையை இருபது ரூபாயில் அடைத்தாயிற்று. லாரி டிரைவருக்கென்று செய்த சரக்கை அவரைவிட நீண்ட ஷிஃப்ட் பார்ப்பவனிடம் கொடுத்திருக்கிறோம். டிரைவராவது ஊர் வந்து சேர்ந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தூங்குவார். தூக்கத்துக்கோ கபில்தேவ் இல்லை, மின்னல் போட்ட லேபிள் இல்லை, ஃபிரிட்ஜ் கொடுக்கும் கம்பெனி இல்லை. ஒரு பைசா லாபம் இல்லாத பண்டத்தை யார்தான் விளம்பரப்படுத்துவார்கள்?

பள்ளி நிர்வாகத்துக்கும் விஷயம் எட்டியிருக்கிறது. போன மாதம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் எனர்ஜி டிரிங்க் குடிப்பதைப் பெற்றோர் தடுக்க வேண்டும், தினமும் எட்டு மணி நேரம் உறங்குவதை உறுதிசெய்ய வேண்டும் என்று அருமையான தமிழில் எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த செய்தி: திங்கள் முதல் சிறப்பு வகுப்பு காலை ஐந்தரைக்குத் தொடங்கும், தாமதமாக வருவோர் வெளியே நிறுத்தப்படுவர். இரண்டுக்கும் பெற்றோர்கள் கட்டைவிரலாகக் குவித்திருந்தார்கள்.

நான் கணக்குப் போட்டேன். ஐந்தரை வகுப்புக்கு நாலரைக்கு எழ வேண்டும். எட்டு மணி நேரம் உறங்க எட்டரைக்குப் படுக்க வேண்டும். அதே பள்ளியின் ஈவினிங் ஸ்டடி முடிவது எட்டே முக்காலுக்கு. வீடு திரும்பும் நேரமும் சாப்பாட்டு நேரமும் போகட்டும். அடிப்படையிலேயே கால் மணி நேரம் இடிக்கிறது. ஒரு மனு எழுதிக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று மருமகனிடம் யோசனை கேட்டேன்.

“தயவுசெஞ்சு கேட்டுறாதீங்க மாமா” என்றான். “ஸ்டடியை எட்டரைக்கே முடிச்சிருவாங்க. அந்தக் கால் மணி நேரத்தைப் பிடிக்கக் காலையில அஞ்சே காலுக்கு வரச் சொல்லிருவாங்க.”